மிதவை போட்ட இடம்

ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், விடிவதற்கு முன்பே பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிளம்பினோம். கார் சிவநேசனுடையது. ஓட்டியது நான்.

சிவநேசன் என் அடுக்குமாடியில் இரண்டு தளம் கீழே குடியிருக்கிறார். வயது அறுபத்தெட்டு. தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். இவர் அரசாங்கத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் ஒரு முறை வாடகைப் படகில் ஆழ்கடலுக்குப் போய்த் தூண்டில் போடுவது அவர் வழக்கம். இரண்டு வருடங்களுக்கு முன்பு இதய அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு இதுதான் முதல் பயணம். மெல்பர்னில் இருக்கும் மகள் ஒரு நிபந்தனையின் பேரில் சம்மதித்திருந்தாள். அவள் வாங்கி அனுப்பிய கைக்கடிகாரத்தை அவர் கழற்றவே கூடாது. அது இதயத் துடிப்பை எண்ணும். அவர் எங்கே இருக்கிறார் என்று அவளுக்குக் காட்டும்.

நான் தூண்டில்காரன் அல்ல. சனி, ஞாயிறு ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து நூற்றுக்கணக்கான பேர் காசு கொடுத்துக் கடலுக்குப் போகிறார்கள். கடையில் வாங்கினால் பாதி விலைக்குக் கிடைக்கும் மீனோடு திரும்புகிறார்கள். சிலர் வெறுங்கையோடு வருகிறார்கள். அங்கே என்னதான் நடக்கிறது என்று பார்க்க நினைத்தேன்.

தெலுக் பங்லிமா காராங் வரை ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கிள்ளானைத் தாண்டிப் பந்திங் சாலையில் திரும்பியதும், தொழிற்சாலை வாசல்களில் இரவு வேலை முடித்தவர்கள் பேருந்துக்காக நின்றிருந்தார்கள். அங்கே ஒரு கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டோம். மூன்றாவது ஆளான நஜிமுதீன் எங்களுக்கு முன்பே வந்து இரண்டாவது கோப்பைத் தே தாரிக் தேநீரில் இருந்தார். கிள்ளானில் ஜவுளிக் கடை வைத்திருப்பவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். சிவநேசனைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“அங்கிள், ரெண்டு வருசம் மீனெல்லாம் நிம்மதியா இருந்துச்சு.”

“நீர் போனீர்தானே?”

“நான் போனா அதுங்களுக்கு என்ன பயம்?”

கேரி தீவுக்குப் போகும் பாலத்தின் அருகே, லங்காட் ஆற்றங்கரையில் படகுத்துறை. மரப்பலகைத் தளம், ஒரு டீசல் தொட்டி, ஐஸ் உடைக்கும் இயந்திரம். படகு இருபத்தெட்டு அடி, ஃபைபர், ஒற்றை எஞ்சின். ஒரு நாள் வாடகை தொள்ளாயிரம் ரிங்கிட். அதை மூவரும் பங்கிட்டுக்கொள்கிறோம். இரைக்கு உயிர் இறால் நாற்பது ரிங்கிட், ஐஸ் பத்து ரிங்கிட்.

படகோட்டியை இங்கே எல்லா இனத்தவரும் மலாய்ச் சொல்லால் தெக்கோங் என்கிறார்கள். எங்கள் தெக்கோங் தனபாலன். கேரி தீவின் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். ஐம்பதைத் தாண்டியவர், குறைவாகப் பேசுபவர். நான் புதியவன் என்பதால் என்னை மட்டும் இரண்டு முறை மேலும் கீழும் பார்த்தார்.

“பேப்பர்காரரா?”

“முன்னாடி. இப்போ எழுதறது மட்டும்.”

“எழுதுங்க பாஸ். எங்கன்னு மட்டும் எழுதாதீங்க.”

ஏழு மணிக்குப் படகு நகர்ந்தது. இரு கரையிலும் அலையாத்தி மரங்கள். அவற்றுக்குப் பின்னால் செம்பனை. தண்ணீர் பால் குறைந்த தேநீரின் நிறத்தில் இருந்தது. முகத்துவாரம் தெரியத் தொடங்கியபோது தனபாலன் வேகத்தைக் குறைத்து, ஒரு பழைய பிஸ்கட் தகர டப்பாவை எடுத்து நடுவில் வைத்தார்.

“போன் எல்லாம் ஆஃப் பண்ணி உள்ள போடுங்க.”

இது அவர் படகின் விதி. தூண்டில்காரர்களின் உலகில் எல்லாரும் விலை வைப்பது மீனுக்கு அல்ல, இடத்துக்கு. கடலடி பெரும்பாலும் சேறு. அதில் எங்காவது ஒரு பாறையோ மூழ்கிய கப்பலோ இருந்தால் அங்கேதான் பெரிய மீன் தங்கும். அந்த இடத்தை லுபுக் என்கிறார்கள். தனபாலனிடம் ஒரு காலத்தில் மூன்று லுபுக் இருந்தன. ஒன்றை வாடிக்கையாளர் ஒருவர் மீனோடு நின்று படம் எடுத்து, இடம் தெரியும்படி இணையத்தில் போட்டார். அடுத்த வாரமே வேறு படகுகள் வந்தன. பிறகு பூபு எனப்படும் கம்பிக் கூண்டுகளை இறக்குகிறவர்கள் வந்தார்கள். ஒரு பருவத்தில் அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை. இரண்டாவது எப்படி வெளியே தெரிந்தது என்று அவருக்கே தெரியாது. இப்போது மிச்சம் இருப்பது ஒன்று. மணல் ஏற்றிப்போன பார்ஜ் ஒன்று மூழ்கிக் கிடக்கும் இடம். அவர் பார்த்த எந்தக் கடல் வரைபடத்திலும் அது இல்லையாம்.

“என் பொண்டாட்டி கேட்டா நான் எங்க இருந்தேன்னு நீங்கதான் சொல்லணும் அண்ணே,” என்று தனபாலனிடம் சொன்னபடி நஜிம் தன் கைபேசியைப் போட்டார்.

“கடல்ல இருந்தான்னு சொல்றேன்.”

“எந்தக் கடல்னு கேப்பாளே.”

“அது எனக்கே தெரியாதுன்னுவேன் லா.”

என்னுடையதும் உள்ளே போனது. சிவநேசன் கைபேசியைப் போட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். தனபாலன் அந்த மணிக்கட்டைப் பார்த்தார்.

“அங்கிள், அந்த வாட்ச்?”

“இது போன் இல்லை தம்பி. இதயம் பார்க்கிறது.”

“எங்க இருக்கீங்கன்னும் பாக்கும்ல?”

சிவநேசன் கடிகாரத்தை மற்றக் கையால் மூடிக்கொண்டார். எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

“பிள்ளைக்கு வாக்குக் குடுத்திட்டன்,” என்றார் பிறகு.

தனபாலன் அவசரப்படவில்லை. “வேணாம்னா விடுங்க. முகத்துவாரத்துக்கு வெளியவே போடலாம். கெலாமா கடிக்கும். வாடகைல பாதி கொறச்சிக்கறேன். எனக்கு அந்த எடம் ஒன்னுதான் அங்கிள் பாக்கி.”

கெலாமா என்பது கையளவு மீன். கருவாட்டுக்கு ஆகும். அதற்காக யாரும் இரண்டு வருடம் காத்திருப்பதில்லை. நஜிம் கடலைப் பார்த்தபடி நின்றார். சிவநேசன் கடிகாரத்தைக் கழற்றி டப்பாவில் வைத்தார்.

“ஒடம்புக்கு ஏதாச்சும்னா நான் பாத்துக்கறேன்,” என்றார் தனபாலன்.

“நீர் டொக்டரோ?”

“எங்க அப்பாவுக்கும் ஹார்ட்டுதான். கழுத்துல கை வச்சிப் பாக்கத் தெரியும்.”

வெளியே கடல் அமைதியாக இருந்தது. வளர்பிறை எட்டாம் நாளை ஒட்டிய நாள். இந்த நாட்களில் நீரோட்டம் மிகக் குறைவு. மலாய் மீனவர்கள் ஆயேர் மாத்தி, செத்த தண்ணீர் என்பார்கள். பௌர்ணமி, அமாவாசை நாட்களில் மலாக்கா நீரிணையின் ஓட்டம் அரைக் கிலோ ஈயத்தையும் அடித்துக்கொண்டு போய்விடும். இன்று நூறு கிராம் போதும் என்றார் நஜிம். வடக்கே துறைமுகத்தின் கொள்கலன் தூக்கிகள் வரிசையாக நின்றன. ஒரு மணி நேரத்தில் அவை தேய்ந்து மறைந்தன. தண்ணீர் பழுப்பிலிருந்து பச்சைக்கு மாறியது.

அதற்கு மேல் எந்தத் திசையில், எவ்வளவு தூரம் போனோம் என்று எழுதவில்லை. எழுதும் அளவுக்கு எனக்குத் தெரியவும் தெரியாது. தனபாலன் நேராகப் போகவில்லை. ஒரு முறை தெற்கே வளைந்தார். இன்னொரு முறை வந்த வழியே திரும்பினார். ஜிபிஎஸ் கருவியின் மேல் ஒரு வெள்ளைத் துண்டு தொங்கியது. அதைத் தான் மட்டும் தூக்கிப் பார்த்துக்கொண்டார். இடம் வந்த பிறகும் நங்கூரம் போடவில்லை. தொலைவில் இரட்டை எஞ்சின் பொருத்திய வெள்ளைப் படகு ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது கண்ணுக்கு மறையும்வரை, நாங்களும் எங்கோ போகிறவர்கள்போல மெதுவாகச் சுற்றினோம். பிறகுதான் நங்கூரம் இறங்கியது.

ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை கிடைத்தவை இவை. நஜிமுக்கு இரண்டு ஜெனாஹாக், ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்குக் குறையாது. பொன்னிறச் செதில்கள், தடித்த உதடு, கிள்ளான் சந்தையில் நல்ல விலை போகும் மீன். சிவநேசனுக்கு ஒரு சிறிய களவா. எனக்கு முதலில் ஒரு கெளிறு மீன், அடுத்தது இன்னொரு கெளிறு. அதன் முள் விஷம் என்பதால் தனபாலன்தான் இடுக்கியால் கழற்றிக் கடலில் விட்டார். மூன்றாவதும் அதுவே வந்தது.

“இவரத் தேடித் தேடி வருதுங்க,” என்றார் நஜிம். “சொந்தக்காரங்களா பாஸ்?”

சிவநேசன் இறாலை மாட்டுவது, இறக்குவது, விரலை நூலில் வைத்துக் காத்திருப்பது எல்லாவற்றையும் நிதானமாகச் செய்தார். பிரிக்பீல்ட்ஸ் மின்தூக்கியில் நான் பார்க்கும் தளர்ந்த மனிதர் இவர் இல்லை என்று தோன்றியது.

பதினொரு மணிக்குப் பிறகு அவருடைய தூண்டில் வளைந்தது. வளைந்த அதே நொடியில் நூல் ஓடத் தொடங்கியது. நூல் சுற்றியிருந்த ராட்டை கதறியது என்றுதான் சொல்ல வேண்டும். நானும் நஜிமும் எங்கள் நூலைச் சுருட்டி எடுத்தோம். மீன் ஆழத்துக்குப் போகவில்லை. நீரின் நடுவே, மேற்கு நோக்கி ஓடியது.

“அருவான் தாசிக்,” என்றார் தனபாலன். கடல் விரால். மூழ்கிய கப்பல்களைச் சுற்றித் திரியும் நீண்ட கறுத்த மீன். பிடிபட்டால் நெடுந்தூரம் ஓடும் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது ஓடிக்கொண்டிருந்தது.

சிவநேசன் தூண்டிலின் அடியை வயிற்றில் ஊன்றி நின்றார். இழுப்பார், சுற்றுவார். சுற்றியதைப் போல இரண்டு மடங்கு நூலை மீன் கொண்டுபோகும். பத்து நிமிடத்தில் அவர் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. உதடு வெளுத்தது.

“அங்கிள், மீன் உங்கள இழுக்குதா, நீங்க மீன இழுக்கறீங்களா?” என்று கேட்ட நஜிம், அந்த முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

தனபாலன் பக்கத்தில் போய் அவர் கழுத்தின் ஓரத்தில் இரண்டு விரல்களை வைத்தார். துடிப்பை எண்ணினார்.

“ராட்ட என்கிட்ட குடுங்க அங்கிள்.”

“இல்லை.”

“நஜிம்கிட்ட குடுங்க.”

“தொடாதையும்.”

வேறொருவர் கை தூண்டிலில் பட்டுவிட்டால் அந்த மீன் உங்களுடையது இல்லை. எங்கும் எழுதி ஒட்டவில்லை என்றாலும், இந்தக் கடலில் தூண்டில் போடுகிற எவரும் இதை மீறுவதில்லை. நஜிம் கையை நீட்டவில்லை. அவராலும் நீட்ட முடியாது.

தனபாலன் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார். நூலை வெட்டப்போகிறார் என்று நினைத்தேன். சிவநேசனும் அப்படித்தான் நினைத்தார். மீனிடமிருந்து கண்ணை எடுத்து முதல் முறையாகத் தெக்கோங்கைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இருந்தது, மிரட்டலும் இருந்தது. தனபாலன் கத்தியோடு சிறிது நேரம் நின்றார். பிறகு படகின் முனைக்குப் போனார்.

அங்கே காலி எண்ணெய்க் கேன் ஒன்று கட்டியிருந்தது. இருபது லிட்டர், ஆரஞ்சு நிறம். அதன் கட்டை அறுத்து எடுத்தார். நங்கூரக் கயிற்றின் நுனியில் அந்தக் கேனைக் கட்டிக் கயிற்றோடு கடலில் விட்டார். எஞ்சினைக் கிளப்பினார். படகு மீனைத் துரத்திக்கொண்டு போனது.

நங்கூரத்தை இழுத்தெடுக்க நேரமில்லை. அவர் செய்தது இதுதான். படகே மீனை நோக்கிப் போனால், கிழவர் இழுக்க வேண்டியதில்லை. தளரும் நூலைச் சுற்றினால் போதும். உட்கார்ந்துகொண்டே சுற்றலாம். நஜிம் ஐஸ் பெட்டியை நகர்த்திக் கொடுத்தார். சிவநேசன் அதன் மேல் உட்கார்ந்தார். ஆனால் எங்களுக்குப் பின்னால், தட்டையான கடலில், மூன்று வருடமாக வேறு எந்தப் படகுக்கும் காட்டாத இடத்தின் மேல் ஆரஞ்சு நிறத்தில் ஓர் அடையாளம் மிதந்தது.

கயிற்றை வெட்டிவிட்டு வந்திருக்கலாமே என்று பிறகு கேட்டேன். அவர் பதில் இது: “இது ஒத்த எஞ்சின் படகு பாஸ். பக்கத்துல கப்பல் போற பாதை. இருக்கறதே அந்த ஒரு நங்கூரம். அதுவும் இல்லாம, ஹார்ட்டு நோயாளிய வச்சிக்கிட்டு, எஞ்சின் நின்னா நான் என்ன பண்ணுவேன்?”

அரை மணி நேரம் போனோம். தனபாலன் ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, அவ்வப்போது வந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். கடைசியில் மீன் படகின் ஓரம் வந்து புரண்டது. முதுகு கறுப்பு, பக்கவாட்டில் வெள்ளைக் கோடு, தலை தட்டை. நஜிம் கொக்கியால் வாரித் தூக்கினார். தராசில் பதினான்கு கிலோ காட்டியது. சிவநேசன் தூண்டிலைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை. மீனின் மேல் ஒரு கையை வைத்து, மூச்சு சீராகும்வரை அப்படியே இருந்தார்.

“எப்படி இருக்கு அங்கிள்?”

“நல்லாயிருக்கு,” என்றார். உடம்பையா மீனையா என்று யாரும் கேட்கவில்லை.

திரும்பும்போது முதலில் பார்த்தவர் நஜிம். மிதவை தெரிந்தது. அதன் பக்கத்தில் காலையில் பார்த்த வெள்ளைப் படகும் தெரிந்தது.

தனபாலன் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அந்தப் படகில் ஆறு பேர் இருந்தார்கள். அவர்களுடைய தெக்கோங் கையை உயர்த்தி மலாயில் கேட்டார்.

“போஸ், அடா ஈக்கான்?” மீன் இருக்கிறதா?

“கெலாமா சாஜா,” என்றார் தனபாலன். வெறும் கெலாமாதான்.

கடல் விராலின் வால் ஐஸ் பெட்டிக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. நஜிம் ஒரு துண்டை எடுத்து மெதுவாக அதன் மேல் போட்டார். அந்தத் தெக்கோங் தலையாட்டினார். தன் ஜிபிஎஸ் கருவியின் திரைக்குக் குனிந்து, இடம் பதியக் கட்டைவிரலால் ஒரு முறை அழுத்தினார். நாங்கள் நால்வரும் அதைப் பார்த்தோம்.

கேனைக் கொக்கியால் இழுத்துக் கயிற்றைக் கட்டிய பிறகு தனபாலன் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“எல்லாரும் போடுங்க. எர மாட்டாதீங்க.”

நஜிமுக்கு உடனே புரிந்தது. எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது. இப்போது கிளம்பினால், மறைக்க ஏதோ இருக்கிறது என்று ஆகிவிடும். மீன் பிடித்தாலும் அப்படித்தான். ஆகவே ஒன்றும் கிடைக்காத இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களாக உட்கார வேண்டும். வெறும் கொக்கிகளை இறக்கினோம். நஜிம் கொட்டாவி விட்டார். தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு சாய்ந்தார். தனபாலன் சிகரெட் பற்றவைத்தார். தொப்பிக்குள்ளிருந்து நஜிம் கேட்டார்.

“நான் நல்லா நடிக்கறேனா அண்ணே?”

“கொறட்ட மட்டும் விடாத.”

சிவநேசன் மட்டும் நடிக்கவில்லை. முழங்கைகளை முழங்காலில் ஊன்றித் தண்ணீரையே பார்த்திருந்தார்.

வெள்ளைப் படகில் அவசரமில்லாமல் தூண்டில்களை இறக்கினார்கள். எங்களைப் பார்த்தார்கள். ஒருவர் ஏதோ சொல்ல, இன்னொருவர் தலையை அசைத்தார். போய்விடுவார்கள் என்றே தோன்றியது. அப்போது அவர்களுடைய தூண்டில் ஒன்று வளைந்தது. அடுத்த நிமிடம் இன்னொன்று. முதலில் வந்தது ஜெனாஹாக். வெயிலில் பொன்னாக மின்னியது. அவர்கள் உரக்கச் சிரிப்பது தண்ணீரின் மேல் தெளிவாகக் கேட்டது.

தனபாலன் சிகரெட்டை முழுவதும் குடித்து முடித்தார்.

“எர மாட்டிக்கங்க,” என்றார். “இன்னிக்கு ஒரு நாளாச்சும் புடிங்க.”

நஜிம் தொப்பியை எடுத்தார், ஆனால் இறாலைத் தொடவில்லை. நானும் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தனபாலனே நங்கூரத்தை இழுக்கத் தொடங்கினார்.

திரும்பும் வழியில் ஜிபிஎஸ்ஸின் மேல் துண்டு இல்லை. நான்கு மணிக்குத் துறையை அடைந்தோம். சிவநேசன் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, மகளோடு தள்ளி நின்று பேசினார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. பிறகு தனபாலனிடம் வந்தார்.

“தம்பி, நீர் அந்த நூலை வெட்டியிருக்கலாம்.”

“வெட்டியிருந்தா நீங்க என்னை மன்னிப்பீங்களா?”

சிவநேசன் யோசித்தார். “இல்லை,” என்றார்.

“அதான்.”

மீனை அங்கேயே வெட்டினோம். தலையை நஜிம் எடுத்துக்கொண்டார். தனபாலனுக்கு ஒரு பெரிய துண்டு. அவர் மறுக்காமல் வாங்கி ஐஸில் வைத்தார். பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமை மாலைக் கூட்டம். பூக்கடைகள், பாட்டுச் சத்தம், வாகன நெரிசல். இங்கே ஓர் இடம் நன்றாக இருந்தால் நாலு பேருக்குச் சொல்வோம். சொன்னால்தான் அது நிலைக்கும். சாப்பாட்டுக் கடையானாலும் தையல்காரர் ஆனாலும் அப்படித்தான். சொல்லப்பட்ட அன்றே அழியத் தொடங்கும் இடத்திலிருந்து இப்போதுதான் வந்திருந்தோம்.

இரண்டு மாதம் கழித்து நஜிமின் கடைக்குப் போனேன். பார்ஜின் மேல் இப்போது பூபு மிதவைகள் வரிசையாக இருக்கின்றன என்றார். தனபாலன் சனி, ஞாயிறுகளில் முகத்துவாரத்தின் அருகே கெலாமாவுக்கு ஆள் ஏற்றுகிறார். வாடகை குறைவு. வார நாட்களில் வாடிக்கையாளர் இல்லாமல் தனியாகப் போய், ஆழம் காட்டும் கருவியை ஓடவிட்டு, கடலடியைக் கோடு கோடாகத் தேடுகிறார். டீசல் செலவு அவருடையது. முந்தைய இடம் கிடைக்க நான்கு வருடம் ஆனதாம்.

“தனியாவா?” என்றேன்.

“இல்லையே. உங்க வீட்டுக் கீழ இருக்கறவர்தான் கூடப் போறாரு. தெரியாதா?”

எனக்குத் தெரியாது. அன்று மாலை கதவைத் தட்டினேன். சிவநேசனின் முகமும் முன்கையும் வெயிலில் கறுத்திருந்தன. ஒவ்வொரு செவ்வாயும் போகிறாராம். தூண்டில் கொண்டுபோவதில்லை. தனபாலன் சுக்கானைப் பார்ப்பார், இவர் திரையைப் பார்ப்பார். ஒருவரே இரண்டையும் பார்த்தால் கோடு கோணிவிடும். மகளுக்கும் ஆட்சேபம் இல்லை. மீன் இல்லை, இழுவை இல்லை, உட்கார்ந்திருப்பதுதானே என்று விட்டுவிட்டாளாம்.

“ஏதாவது தெரிந்ததா?” என்று கேட்டேன்.

“சேறு,” என்றார். “எல்லாம் சேறு. போன கிழமை தெற்கால கொஞ்சம் முடிச்சிட்டம். அடுத்தது மேற்கால.”

செவ்வாய்க்கிழமை காலை ஜன்னலைத் திறந்தபோது அவருடைய கார் அதன் இடத்தில் இல்லை.